கணேசனின் சோறு யார் கையில்

சங்கரன்கோவில் பத்திர ஆபீஸுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவள் நான். இப்போது எழுதுவதில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் போன் நிற்கவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். "அக்கா, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு எழுதுற செட்டில்மென்டுக்கு உங்ககிட்ட ஒரு மாடல் இருக்குமாமே. வாட்ஸ்அப்ல தட்டி விடுங்களேன்."

இருந்தால் தருவேன். பெட்டியில் வைத்துப் பூட்டியா சாகப் போகிறேன்? கிரயப் பத்திரத்துக்கு மாடல் உண்டு. பெயரையும் சர்வே நம்பரையும் நான்கு எல்லைகளையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் தன் சொத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத ஒரு மனிதன், பெற்றவர்கள் போன பிறகு எங்கே படுப்பான், யார் கையால் சாப்பிடுவான் என்பதற்கு எந்த வெப்சைட்டிலும் மாடல் கிடையாது. இதைச் சொன்னால், கிழவி தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று பேசுகிறார்கள். ரகசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தெரிந்ததை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வக்கீல் நெல்லையப்பனிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சில வருஷம் அவரிடம் அடித்தேன். பிறகு ஆவண எழுத்தர் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கித் தனியாக உட்கார்ந்தேன். நான் தொழிலுக்கு வந்த கதை அவ்வளவுதான். சொல்ல வேண்டியது அந்த மனுஷன் வேலை பார்த்த விதத்தை.

அவருக்கு யாரையும் பிடிக்காது. கட்சிக்காரர்களைப் பிடிக்காது, நீதிபதிகளைப் பிடிக்காது, என்னையும் பிடிக்காது. ஒரு காப்பி வாங்கித் தந்தது கிடையாது. ஆனால் விவரம் பத்தாத பிள்ளை என்று ஊர் சொல்கிற ஒரு பிள்ளைக்காகக் குடும்பம் படியேறி வந்தால், அவர் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அவர் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. யாருக்காக எழுதுகிறோமோ அந்த ஆள்தான் அதில் உட்கார வேண்டும். பேச்சு வராத பிள்ளையானாலும் சரி, எழுந்து எழுந்து ஓடுகிற பிள்ளையானாலும் சரி. அப்பா, அண்ணன், தாய்மாமன் எல்லாரும் பின்னால் நிற்க வேண்டும். "கட்சிக்காரன் உக்காரட்டும். சொந்தக்காரன் நிக்கட்டும்" என்பார். தறிப்பட்டறை முதலாளி ஒருவர் கால் வலிக்கிறது என்று முனகியதற்கு, "வாசல்ல திண்டு இருக்கு, அங்கன போய் உக்காரும்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்தது, அந்தப் பிள்ளையால் என்னவெல்லாம் முடியும் என்று நான் குறிப்பெடுக்க வேண்டும். "முடியாததை டாக்டர் சர்டிபிகேட்ல எழுதிட்டாரு. முடிஞ்சதை நீ எழுது" என்பார். தானாகக் குளிப்பானா? கடைக்கு அனுப்பினால் சரியான சாமானோடு வருவானா? யாரைக் கண்டால் சிரிப்பான்? யாரைக் கண்டால் ஒளிவான்? பல வீடுகளில் அப்பாவுக்குப் பதில் தெரியாது. அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பலையும் வக்கீல் கவனித்துக்கொள்வார். அவர் எழுதும் பத்திரத்தில் அப்பா சொன்னதைவிட அம்மா செய்துவந்த வேலைதான் அதிகம் இருக்கும்.

மூன்றாவது காரியத்தால்தான் அவருக்கு ஊரில் கெட்ட பெயர். டிராப்டை உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "செத்துட்டா?" என்பார்.

"எனக்குப் பிறகு மூத்தவன் பாத்துக்கிடுவான் வக்கீலய்யா."

"அவன் செத்துட்டா?"

"என்னய்யா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா. மருமக இருக்காள்லா?"

"அவ செத்துட்டா?"

"உம்ம வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!"

இப்படி எழுந்துபோனவர்கள் நிறைய. கொஞ்ச நாளில் திரும்பி வந்தவர்களும் நிறைய. வந்ததும் முன்னைப்போல நல்ல நேரம் பார்க்க மாட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருவார்கள்.

நான் தனியாக உட்கார்ந்த பிறகு அவருடைய நாற்காலியையும் கேள்வியையும் எடுத்துக்கொண்டேன். காப்பி விஷயத்தில் மட்டும் நான் அவர் மாதிரி இல்லை.

இந்த வேலையில் பாசத்தால் நடக்கும் கேடுதான் எனக்கு அதிகம் ஆத்திரம் மூட்டியது. சிவகிரியில் ஒரு லாரி டிரைவர். மூளைமுடக்குவாதம் வந்த ஒரே மகள், புத்தியும் வளரவில்லை. யாரோ ஒருவர் டீக்கடையில் யோசனை சொன்னார் என்று வீட்டை மொத்தமாக மகள் பெயரில் எழுதிவிட்டார். "எம் பிள்ளை பேர்ல இருந்தா எவன் தொடுவான்?" என்பது கணக்கு. எவனும் தொடவில்லை. அவராலும் தொட முடியவில்லை. கூரை ஒழுகியது, மாற்றக் கடன் கேட்டுப் போனார். சொத்துக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றது பேங்க். சொத்துக்காரருக்கு இருபத்தைந்து வயது, கட்டிலில் படுத்திருக்கிறாள், கையெழுத்து என்றால் என்னவென்று தெரியாது. "நான் பெத்த அப்பன், நான் போடுதேன்" என்றார். பதினெட்டு வயது தாண்டிவிட்டால் பெற்றவரே ஆனாலும் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் தானாக வந்துவிடாது. கலெக்டர் தலைமையில் இருக்கும் கமிட்டியில் மனுப் போட்டுச் சட்டப்படி காப்பாளர் ஆக வேண்டும். இது அவருக்குத் தெரியாது. டீக்கடையில் யோசனை சொன்னவருக்கும் தெரியாது. அலைந்து திரிந்து அவர் அதை வாங்குவதற்குள் இரண்டு மழை வந்து போய்விட்டது. மகளின் கட்டிலைச் சுவரோரம் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

தெய்வக் குழந்தை என்று கையெடுத்துக் கும்பிட நூறு பேர் வருவார்கள். தெய்வக் குழந்தைக்கும் மேலே கூரை வேண்டும் அல்லவா?

இனி கணேசன் விஷயம். என் தொழிலில் என்னைக் கட்டிப்போட்டுக் கேள்வி கேட்டது அந்த ஒரு பத்திரம்தான்.

திருவேங்கடம் போகிற வழியில் ஒரு கரிசல் கிராமம். சுப்பையா அண்ணாச்சி அங்கே மானாவாரியும் ஒரு கிணற்றுத் தோட்டமும் வைத்திருந்தார். எல்லாம் சொந்தச் சம்பாத்தியம், யார் பெயருக்கும் எழுத அவருக்கு உரிமை உண்டு. மனைவி இறந்துவிட்டார். மூத்தவன் முத்துராஜ் சென்னையில் கம்பெனி வேலை. அடுத்தவள் செல்வி, சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், தையல் கடை வைத்திருந்தாள். கடைசிப் பிள்ளை கணேசன். முப்பது தாண்டியவன். எழுதப் படிக்க வராது, காசு தெரியாது, யார் கூப்பிட்டாலும் பின்னால் போய்விடுவான். அவன் வீட்டில் இருப்பதை விடப் பக்கத்து வீட்டுக் காளிமுத்துவின் ஆடுகளோடு இருப்பதுதான் அதிகம். காளிமுத்து காடு காடாகக் கிடை போடுகிறவர். உரத்துக்காக ஆடுகளை வயலில் அடைத்து வைக்கும் அந்த வேலையில் கணேசன் ஒரு ஆள். அவனுக்கு ஆடுகளை அடையாளம் தெரியும். மனிதர்களைத்தான் தெரியாது.

அண்ணாச்சிக்கு இருதயத்தில் அடைப்பு. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் முத்துராஜ் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று ஒரு நாள் காலையில் நான்கு பேருமாக வந்து இறங்கினார்கள். முத்துராஜ் லீவு போட்டு வந்திருந்தான். அன்றைக்கே பதிவு, டோக்கன் போட்டாயிற்று. செல்வி எதற்கு வந்தாள் என்றால் சாட்சிக் கையெழுத்துக்கு. சட்டப்படி அவள் தேவையே இல்லை. பின்னால் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாது என்று கட்டிக்கொடுத்த பெண்ணைக் கூட்டி வந்து ஓரமாக நிறுத்திக் கையெழுத்து வாங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கையெழுத்து முடிந்ததும் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள்.

கணேசனை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மற்றவர்களை வெளியே அனுப்பினேன். என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவன் என்னை டீச்சர் என்று முடிவு பண்ணிக்கொண்டான்.

"கணேசா, அப்பா எதுக்கு வந்திருக்காரு தெரியுமா?"

"கையெழுத்துப் போட. பெறகு ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குள்ள குழாய் அடைச்சுக்கிட்டு டீச்சர்."

"நீ அண்ணன்கூடச் சென்னைக்குப் போறியா?"

யோசித்தான். "அங்கன ஆடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அண்ணனே போகட்டும்."

வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டேன். எழுத ஆரம்பிக்காமல் கேட்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி போய்விட்டால் கணேசனை யார் பார்ப்பது? முத்துராஜ் பார்ப்பான். எங்கே வைத்து?

"சென்னை அவுட்டர்ல நல்ல ஹோம் இருக்கு மேடம். நான் விசாரிச்சிட்டேன். நிலத்தைக் குடுத்துட்டு டெபாசிட் கட்டிருவேன்" என்றான் முத்துராஜ்.

அண்ணாச்சி திடுக்கிட்டார். "ஹோமா? ஏலே, வீட்ல வச்சுப் பாத்துக்கிடுதேன்னு சொன்னே?"

"வீடுன்னா, எங்க வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம்ப்பா."

"நீ செத்துட்டா?" என்று நான் முத்துராஜைக் கேட்டேன்.

அவன் முகம் சிவந்தது. "உங்களைப் பத்திரம் எழுதக் கூப்பிட்டோமா, பஞ்சாயத்துப் பண்ணக் கூப்பிட்டோமா?"

"பதில் சொல்லு. ரோட்ல போறே, லாரி அடிச்சிருச்சு. கணேசனுக்கு யாரு?"

"என் சம்சாரம் இருக்கா."

"அவகிட்டக் கேட்டியா?"

"இதைப் போய்க் கேக்கணுமா?"

"போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். வேறு வழி இல்லை, அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னான். பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "நீங்க சரின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. நான் எப்பங்க சொன்னேன்? நானும் வேலைக்குப் போறேன். யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்காமலே ஒருத்தி தலையில் ஒரு ஆளின் ஆயுளைக் கட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

அண்ணாச்சி நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். செல்வி அப்பாவுக்கு விசிறிக்கொண்டே, கணேசனின் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைச் சரிபண்ணினாள். சரிதான், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்கள் என்று நினைத்தேன். நேராகக் கேட்டேன். "ஏம்மா, நீ வச்சுக்கிடுதியா?"

அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "அது எப்படித் தாயி? கட்டிக்குடுத்த பிள்ளை வீட்ல ஆம்பிளைப் பிள்ளையைக் கொண்டு விடுறதா? ஊர்ல என் மூஞ்சியில காறித் துப்புவான்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி. அவ சொல்லட்டும்."

செல்வி விசிறியைக் கீழே வைத்தாள். அவள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"முடியாது. என் மாமியார் படுக்கையில கெடக்கா. மூத்திரத் துணியிலேருந்து நான்தான் மாத்துதேன். கடை இருக்கு, ரெண்டு பிள்ளைக இருக்கு. இத்தனை நாளும் என்னைய யாரும் எதுவும் கேக்கலை. இப்ப ஆள் கெடைக்கலன்னதும் என்னைய நல்லவளாக்கித் தலையில கட்டப் பாக்கியளோ? முடியாததை முடியும்னு சொன்னா, ஆறு மாசத்துல நான் அவனைத்தான் அடிப்பேன். எனக்கு என்னையத் தெரியும்."

எனக்கு மூக்குடைந்தது. பொத்தான் போட்டுவிட்டதைப் பார்த்து நானும் எல்லாரையும் போலக் கணக்குப் போட்டுவிட்டேன்.

"சரி, உன்னால எதுதான் முடியும்?" என்றேன். கணேசனால் என்ன முடியும் என்று கேட்கத் தெரிந்த எனக்கு, இதை அவளிடம் கேட்க அதுவரை தோன்றவில்லை.

"பாக்க முடியும். சாப்பிட்டானா, சட்டை துவைச்சிருக்கா, எவனாவது ஏமாத்துதானான்னு வாரம் ஒருக்க வந்து பாத்துக்கிடுவேன். பஸ்ல ஏறினா ஊரு. தப்பா இருந்தா சண்டை போடுவேன். ஆனா அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு தயவு கேக்க மாட்டேன். எனக்கு அதிகாரத்தை எழுத்துல குடுங்க."

"கண்டிப்பாப் பேசுவா" என்றான் கணேசன் என்னிடம், பெருமையாக.

அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை. டோக்கன் போனால் போகட்டும் என்று விரட்டிவிட்டேன். மூன்று நான்கு நாள் அந்த வேலையாகவே இருந்தேன். அதுவரை எல்லாரையும் போல நானும் ஒரு நல்ல ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். சொத்தையும் பிள்ளையையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி என்று நினைத்திருந்தேன். செல்வியின் பேச்சு அதை உடைத்துவிட்டது. கணேசன் சீக்கிரம் போனால் யாருக்கு லாபமோ, அவர் கையில் கணேசனின் சோறு இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன்.

மானாவாரியும் தோட்டமும் வீடும் அண்ணாச்சியின் ஆயுள் வரை அவருக்கு. அவருக்குப் பின் கணேசனின் ஆயுள் வரை கணேசனுக்கு, அனுபவிக்க மட்டும், விற்க அல்ல. அதற்குப் பின்தான் முத்துராஜுக்கு. அப்படியானால் முத்துராஜ் காப்பாளராக இருக்கக் கூடாது. செல்வி இருக்கலாம், ஆனால் அவளுக்கும் கணேசன் போன பிறகு எதுவும் வரக் கூடாது. ஆகவே ஊருக்குள் அண்ணாச்சிக்கு இருந்த காலி மனையை அவளுக்கு உடனே, நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். அவள் பார்க்கிற வேலைக்கு அது கூலி அல்ல, அவள் பங்கு. தினமும் சோறு போடுகிறது யார்? காளிமுத்து வீட்டில்தான் ஏற்கனவே பாதி நாள் சாப்பிடுகிறான். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்தத் தடவை அவர் மனைவியை முதலில் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "எங்களோட ஒண்ணாக் கெடக்கட்டும். ஆனா சும்மா இல்ல. எங்களுக்கும் வயிறு இருக்குல்லா?" எனக்கு அந்தப் பதில் பிடித்தது. தோட்டத்தைக் குத்தகைக்குக் காளிமுத்துவிடமே விடுவது, கணேசன் இருக்கிற வரை குத்தகையும் இருக்கும் என்று ஒப்பந்தம் எழுதுவது. கணேசன் நன்றாக இருந்தால் காளிமுத்துவுக்கு நிலம். அவனுக்கு ஒரு குறை வந்தால், காப்பாளர் செல்வி குத்தகையை மாற்றிவிடலாம்.

அண்ணாச்சி மனை விஷயத்தில் முரண்டு பிடித்தார். "பொட்டப்பிள்ளைக்கு நகை போட்டுத்தானே அனுப்பினேன் தாயி?"

"மனையை எழுதலன்னா நான் பேனாவைத் தொட மாட்டேன். எதிர்ல இன்னும் எத்தனையோ மேஜை கெடக்கு, போங்க."

"உமக்கு இவ்வளவு திமிர் ஆகாதும்மா."

"ஆகாதுதான். மனையோட சர்வே நம்பரைச் சொல்லுங்க."

சொன்னார். முத்துராஜ் சென்னையிலிருந்து போனில் கத்தினான். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டுப் பேசு." பத்திரம் பதிவாயிற்று. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. பிறகு காப்பாளர் மனுவோடு தென்காசிக்குப் போனார்கள். கமிட்டியில் கணேசனிடம் செல்வியைக் காட்டி இவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க அக்கா. வாரா வாரம் வந்து ஏசுவா" என்றிருக்கிறான். அவளைக் காப்பாளராகப் போட்டுவிட்டார்கள். காப்பாளர் என்றால் சொத்துக்காரர் என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. என்னென்ன சொத்து என்று அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும், ஒழுங்காகப் பார்க்காவிட்டால் நீக்கிவிடுவார்கள். செல்விக்கு அது பிடித்திருந்தது. "எனக்கும் மேல ஒருத்தர் பாக்கட்டும்" என்றாள்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு பருத்தி வெடிக்கும் பருவத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கணேசன் மொட்டை போட்டுக்கொண்டு, காரியம் முடிந்த மறுநாளே கிடைக்குப் போனான்.

பத்திரத்துக்கு உண்மையான சோதனை எழுதியவர் செத்த பிறகுதான் வரும். வந்தது. அந்தப் பக்கம் சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கும் புரோக்கர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியின் தோட்டம் அவர்களுக்கு நடுவில் இடித்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கணேசனின் ஆயுள் உரிமை கண்ணைக் குத்துகிறது. முத்துராஜ் என் மேஜைக்கு வந்தான். முதல் தடவை மேடம் என்று கூப்பிட்டவன் இப்போது அக்கா என்று கூப்பிட்டான்.

"அக்கா, கணேசன் தன் உரிமையை விட்டுட்டேன்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாப் போதும்னு சொல்லுதாங்க. கைரேகை வச்சிருவான். நீங்க எழுதுனதுதானே, நீங்களே எழுதிக் குடுங்க."

"எதை விடுதலை பண்ணுதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறான்? நான் அவனைக் கைவிட்ருவேனா?"

"போ" என்றேன். போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில், வேறொருவரிடம் கம்ப்யூட்டரில் எடுத்த மாடலில் பெயரை மாற்றி அடித்துக்கொண்டு, ஒரு வாடகைக் காரில் கணேசனைக் கூட்டிவந்து பத்திர ஆபீஸ் வாசலில் இறங்கினான். காளிமுத்துவிடம் கல்யாண வீட்டுக்கு என்று சொல்லியிருக்கிறான். கணேசனுக்குப் புதுச் சட்டை, புது வேட்டி. என் மேஜையில் இருந்து பார்த்தேன். செல்விக்குப் போன் போட்டேன். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவள் சிவகிரி பஸ்ஸில் ஏறினாள். நான் எழுந்து பத்திர ஆபீஸுக்குள் போனேன்.

சார்பதிவாளர் வயதில் சின்னவர், அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் முறை வந்துவிட்டது. கணேசனைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

"இந்தப் பத்திரத்துல சொன்னபடி எழுதிக் குடுக்கச் சம்மதமா?"

"சம்மதம்" என்றான் கணேசன். ஒரே மூச்சில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அண்ணன் முகம் தெளிந்தது.

சார்பதிவாளர் கைரேகை மெஷினை நகர்த்தப் போனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திவிட்டார். "எதுக்குச் சம்மதம்?"

கணேசன் அண்ணனைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. "பிரியாணிக்கு" என்றான்.

பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சார்பதிவாளர் சிரிக்கவில்லை. முத்துராஜை நிமிர்ந்து பார்த்தார். "இவருக்குக் காப்பாளர் யாராவது இருக்காங்களா?"

"இருக்கா சார்" என்றேன் நான். "பஸ்ல வந்துக்கிட்டிருக்கா."

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

செல்வி வந்து சேரும்போது அண்ணனும் தம்பியும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு காரில் வந்த புரோக்கர் எப்போதோ நழுவியிருந்தான். அவள் வந்த வேகத்தைப் பார்த்து ரோட்டில் போகிறவர்களே நின்றார்கள்.

"கல்யாண வீடா? யாருக்குலே கல்யாணம்? உனக்கா? கூடப் பெறந்தவனைக் கைநாட்டு வைக்கக் கூட்டியாந்திருக்கியே, நீயெல்லாம் சோத்தைத்தான் திங்கியா?"

"கத்தாத செல்வி. எனக்குக் கடன் கழுத்து வரைக்கும் இருக்கு. என் சொத்துதானே அது, என்னைக்காவது?"

"என்னைக்காவது. அந்த என்னைக்காவதுன்னா என்னன்னு சொல்லு. வாயைத் தொறந்து சொல்லேன் பாப்போம்."

முத்துராஜ் சொல்லவில்லை. கணேசனைப் பார்த்தான். கணேசன் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் என்று நான் எழுதப் போவதில்லை. கெட்டவனாக இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பான்.

"அண்ணே, பிரியாணி?" என்றான் கணேசன்.

அவன் மறுபடி கேட்டான். அண்ணன் கொடுத்த வார்த்தையை விட மாட்டேன் என்கிற மாதிரி மரத்தடியிலேயே நின்றான். கடைசியில் நான்தான், "சொல்லிக் கூட்டியாந்தேல்ல, வாங்கிக் குடு" என்றேன்.

தேரடிப் பக்கத்துக் கடைக்கு நால்வரும் நடந்தோம். இலை போட்டதும் கணேசன் யாரையும் பார்க்கவில்லை. செல்வி சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள், பிறகு சாப்பிட்டாள். முத்துராஜ் தன் இலையிலிருந்து கறியை எடுத்துத் தம்பி இலையில் வைத்தான். கணேசன் வாய் நிறையச் சோற்றோடு கேட்டான்: "நாளைக்கும் கையெழுத்துப் போட வரட்டுமாண்ணே?"

முத்துராஜ் எழுந்து கை கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

வெளியே வந்தோம். முத்துராஜ் கார்க் கதவைத் திறந்துவிட்டான். கணேசன் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்குத்தானே?"

"வீட்டுக்குத்தான்லே. ஏறு."

கணேசன் அக்காவைப் பார்த்தான். செல்வி முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் அவன் ஏறினான்.